5 ஆண்டு, 5 நாடு... என்பிஏ கழற்றிவிட்ட பி.ஜே.டக்கர் சாம்பியன் ஆனது எப்படி?

2021 ஜூலையில் மில்வாக்கி பக்ஸ் அணி 50 ஆண்டுகளுக்குப் பிறகு என்பிஏ கோப்பையை வென்றது. அந்த அணியில் 36 வயதான பி.ஜே.டக்கரும் இருந்தார். முதல் சீசனில் வெறும் 17 போட்டிகளோடு இதே என்பிஏ-வில் இருந்து வெளியேற்றப்பட்டவர் அவர். நடுவில் என்னதான் நடந்தது?

யார் இந்த டக்கர்?

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தைச் சேர்ந்தவர். டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்காக ஆடி, 2006இல் 'பிக் 12' பிரிவின் சிறந்த வீரர் விருதை வாங்கினார். அந்த ஆண்டு டிராஃப்டில், அதாவது புதுமுகங்களை அணிகள் வரிசையாகத் தேர்வு செய்யும் நிகழ்வில், டொரண்டோ ராப்டர்ஸ் இவரை 35ஆவது வீரராக எடுத்தது.

இங்கேதான் சிக்கலே. டிராஃப்டில் முதல் 30 பேருக்குச் சம்பள உத்தரவாதம் உண்டு. 2ஆவது சுற்றில் வருபவர்களுக்கு அது கிடையாது. இன்னொரு பிரச்னை உயரம். 6 அடி 5 அங்குலம் என்பது நமக்குப் பெரிதாகத் தெரியலாம், ஆனால் கூடைக்குப் பக்கத்தில் நின்று ஆடுபவருக்கு அது குறைவுதான். 2007 மார்ச்சில் டொரண்டோ அவரை விடுவித்தது.

வெளிநாடு போனால் என்ன கிடைக்கும்?

30 அணிகள், ஒவ்வொன்றிலும் சுமார் 15 பேர். என்பிஏ-வில் மொத்த இடமே அவ்வளவுதான். உள்ளூர் வளர்ச்சி லீக்கில் சம்பளம் குறைவு. அதனால்தான் ஆண்டுதோறும் ஏராளமான அமெரிக்க வீரர்கள் ஐரோப்பா, ஆசியா என்று பெட்டியைக் கட்டுகிறார்கள். வீடு, கார், விமான டிக்கெட் எல்லாம் பெரும்பாலும் கிளப் செலவு. வரி போக கைக்கு வரும் தொகையைத்தான் சம்பளமாகப் பேசுவார்கள்.

ஆனால் ஒப்பந்தம் பெரும்பாலும் ஒரு சீசனுக்குத்தான். பல லீக்குகளில் வெளிநாட்டு வீரர்களுக்கு எண்ணிக்கைக் கட்டுப்பாடு இருப்பதால், நாலு போட்டி சொதப்பினால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடுவார். சில கிளப்கள் சம்பளத்தையும் இழுத்தடிக்கும். இந்தப் புகார்கள் குவிந்ததால், சர்வதேச கூடைப்பந்து கூட்டமைப்பு 2007இல் தனித் தீர்ப்பாயமே தொடங்க வேண்டி வந்தது. தீர்ப்பை மதிக்காத கிளப்புக்குப் புதிய வீரர்களைச் சேர்க்கத் தடை விதிக்க முடியும். பணம் வராமல் ஊர் தெரியாத ஊரில் உட்கார்ந்திருக்கும் வீரருக்கு அதுதான் கடைசிக் கதவு.

டக்கர் என்ன செய்தார்?

முதலில் இஸ்ரேல். ஹபோயல் ஹோலோன் அணியில் சேர்ந்தார். அங்கே மக்காபி டெல் அவிவ் தொடர்ந்து 14 முறை லீக் பட்டம் வென்றிருந்த காலம் அது. 2008 இறுதிப்போட்டியில் ஹோலோன் அவர்களை ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் சாய்த்தது. சீசனின் சிறந்த வீரர் டக்கர்.

அதற்குப் பிறகு உக்ரைன், கிரீஸ், இத்தாலி என்று ஓட்டம். நடுவில் புவேர்ட்டோ ரிக்கோவிலும் ஆடினார். கடைசியாக ஜெர்மனியின் பாம்பெர்க். 2012இல் அந்த அணி லீக், கோப்பை இரண்டையும் வென்றது, லீக் இறுதிச்சுற்றின் சிறந்த வீரரும் இவரே.

திரும்பி வந்தது எப்படி?

அதே கோடையில் 27 வயது டக்கர், புதுமுகங்களைச் சோதித்துப் பார்க்கும் கோடைக்கால லீக்கில் இளம் வீரர்களோடு களமிறங்கினார். ஐரோப்பாவில் பட்டம் வென்ற வீரர் இப்படி மறுபடியும் வரிசையில் நிற்பது சாதாரண விஷயமில்லை. பீனிக்ஸ் சன்ஸ் ஒப்பந்தம் கொடுத்தது.

ஐரோப்பாவில் அணியே அவரை நம்பி ஆடியது. என்பிஏ-வில் அந்த வேலைக்கு ஆள் ஏற்கெனவே இருந்தார்கள். எதிரணியின் முக்கிய ஆட்டக்காரரை மறிப்பது, களத்தின் மூலையில் காத்திருந்து 3 புள்ளி எறிவது... டக்கர் இதையே பிழைப்பாக்கிக் கொண்டார். 2017இல் அவரை மீண்டும் அழைத்துக்கொண்டது யார் தெரியுமா? கழற்றிவிட்ட அதே டொரண்டோதான்! பின்னர் ஹூஸ்டன், 2021 மார்ச்சில் மில்வாக்கி.

அந்த ஆண்டு பிளே-ஆஃபில் புரூக்ளினின் கெவின் டுரண்டை மறிக்கும் பொறுப்பு பெரும்பாலும் டக்கரிடம்தான். 7ஆவது போட்டியில் டுரண்ட் 48 புள்ளிகள் குவித்தும், கூடுதல் நேரத்தில் ஜெயித்தது மில்வாக்கிதான். அடுத்த மாதம் கோப்பை. அதற்கடுத்த மாதம் டக்கர் மியாமி ஹீட் அணிக்குப் போய்விட்டார்.