திரை இருண்டது ஏன்?

புதிய வரைகலை அட்டையைப் பொருத்திய பின் கணினியை இயக்கினால் விசிறி சுழல்கிறது, விளக்கு எரிகிறது, ஆயினும் திரையில் ஒன்றும் தோன்றவில்லை. பல நாள் சேர்த்த பணத்தில் வாங்கிய அட்டை வீணாயிற்றோ என்னும் கவலை ஒருபுறம். தந்தையின் கணக்குகளும் அக்காளின் கல்லூரிக் கட்டுரைகளும் அழிந்துபோயினவோ என்னும் அச்சம் மறுபுறம். இவற்றுள் அச்சத்தை முதலிலேயே விலக்கிவிடலாம். கோப்புகள் யாவும் சேமிப்பு வட்டில் உள்ளன. வரைகலை அட்டையோ படத்தை உருவாக்கித் திரைக்கு அனுப்பும் கருவி மட்டுமே. ஓவியர் ஊரில் இல்லாமையால் நூலகத்து நூல்கள் மறைந்துவிடுவதில்லை.

திரை இருண்டது எனினும் அது முற்றிலும் ஊமையன்று. "சிக்னல் இல்லை" என்னும் சொற்கள் சிறிது நேரம் தோன்றி மறையுமாயின், மானிட்டர் நலமாகவே உள்ளது. அதற்குப் படம் வந்து சேரவில்லை என்பதே பொருள். அப்போது கணினிப் பெட்டியின் பின்புறத்தைப் பார்த்தல் வேண்டும். திரையின் கேபிளைச் செருகும் துளைகள் அங்கே இரண்டு இடங்களில் காணப்படும். மேற்பகுதியில் இருப்பவை தாய்ப்பலகைக்கு உரியவை. கீழே கிடைமட்டமாக அமைந்தவை புதிய அட்டைக்கு உரியவை. அட்டை பொருத்தப்பட்டவுடன் பெரும்பாலான தாய்ப்பலகைகள் தம் வரைகலை வசதியைத் தாமே நிறுத்திக்கொள்ளும். ஆதலால், கேபிள் பழக்கத்தின் காரணமாகப் பழைய துளையிலேயே இருந்தால் திரை இருண்டே கிடக்கும். இத்தொல்லைக்கு மிகுதியான வீடுகளில் காரணம் இதுவே. தீர்வதற்கு அரை நிமிடம் போதும்.

கேபிள் சரியாக இருந்தும் படம் வரவில்லையெனில் பெட்டியைத் திறக்க நேரும். அதற்குமுன் மின்இணைப்பை முற்றிலும் நீக்கி, இயக்கும் பொத்தானைச் சில நொடிகள் அழுத்தி எஞ்சிய மின்சாரத்தை வெளியேற்றல் வேண்டும். தில்லிக் குளிர்காலத்தில் கம்பளிச் சட்டையைக் கழற்றும்போது படபடவெனப் பொறி பறப்பதை அங்கு வாழும் பிள்ளைகள் அறிவர். ஈரக்காற்று வீசும் சென்னையில் அது அரிது. அந்நிலைமின்சாரம் நுண்ணிய சில்லுகளைக் கெடுக்க வல்லது. ஆகவே, கம்பளி ஆடையைக் களைந்து, பெட்டியின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொட்ட பின்னரே உள்ளே கை வைத்தல் நன்று. மின்வழங்கியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறத்தல் கூடாது; இணைப்பை நீக்கிய பின்னும் அதனுள் மின்சாரம் தேங்கியிருக்கும்.

அடுத்து எண்ணத்தக்கது மின்சாரத்தின் அளவு. அட்டை அமரும் பள்ளத்தின் வழியாக 75 வாட் வரையே கிடைக்கும். சிறிய அட்டைகளுக்கு அது போதும். ஆற்றல் மிக்க அட்டைகளுக்குப் போதாது; அவை மின்வழங்கியிலிருந்து நேரே வரும் தனிக் கேபிளை நாடுகின்றன. 6 முனை கொண்ட இணைப்பு 75 வாட்டும், 8 முனை கொண்டது 150 வாட்டும் தரும். எனவே, 8 முனை இணைப்பு ஒன்றுடைய அட்டை 225 வாட் வரை பெற இயலும். இக்கேபிளைச் செருக மறந்தால் விசிறி சுழன்றாலும் படம் தோன்றாது. செயலிக்கு உரிய 8 முனைக் கேபிளும் பார்வைக்கு இதனைப் போன்றதே. ஆனால் அதன் மின் அமைப்பு வேறு. பொருந்தாததை வலிந்து செருகுவோர் அட்டையையே இழக்க நேரிடும்.

அட்டை பள்ளத்தில் முழுமையாக இறங்கியுள்ளதா என்பதையும் காண வேண்டும். சரியாக அமர்ந்தால் ஓரத்துப் பிடி 'டக்' என்னும் ஒலியுடன் பூட்டிக்கொள்ளும். அட்டையைப் பொருத்தும்போது கை பட்டு நினைவக அட்டை சற்றே நழுவுவதும் உண்டு. அதனையும் கழற்றி மீண்டும் பொருத்திப் பார்க்கலாம். தாய்ப்பலகை சிலவற்றில் பழுதுள்ள பகுதியைக் காட்டும் சிறு விளக்குகள் உள்ளன. 'விஜிஏ' எனக் குறித்த விளக்கு அணையாது எரிந்தால் குறை வரைகலைப் பகுதியில் உள்ளது.

பழைய தாய்ப்பலகை புதிய அட்டையை அறிந்துகொள்ளாமல் போவதும் உண்டு. அந்நிலையில் பழைய அட்டையைக் கொண்டு கணினியை இயக்கி, பயாஸ் என்னும் அடிப்படை மென்பொருளைப் புதுப்பித்தல் வேண்டும். அப்பணியின் நடுவே மின்வெட்டு நேர்ந்தால் தாய்ப்பலகையே செயலிழக்கக்கூடும். ஆதலின் இதனைப் பெரியவர் துணையின்றிச் செய்தல் தகாது.

நிறுவனத்தின் சின்னம் தோன்றி, அதன் பின்னரே திரை இருளுமாயின் கதை வேறு. அங்கே கம்பியிலோ மின்சாரத்திலோ குறை இருப்பது அரிது. பழைய அட்டைக்கு உரிய இயக்கி மென்பொருள் நீங்காமல் இருப்பதே பெரும்பாலும் காரணம். கணினியைப் பாதுகாப்பு முறையில் இயக்கி, அதனை நீக்கிப் புதியதை நிறுவலாம்.

இவை யாவும் பயன் தராவிடில் பழைய அட்டையை மீண்டும் பொருத்திப் பார்க்க வேண்டும். படம் வந்துவிட்டால் கணினி நலமே; ஐயம் புதிய அட்டையின் மீதோ, அதற்குப் போதிய ஆற்றல் தர இயலாத மின்வழங்கியின் மீதோ மட்டும் எஞ்சும். புதிய அட்டையை வேறொரு கணினியில் பொருத்தினால் அவ்விரண்டில் எது என்பது விளங்கிவிடும். அதுவரை அட்டை வந்த பெட்டியையும் விலைச்சீட்டையும் எறிந்துவிடாமல் வைத்திருத்தல் வேண்டும். கடைக்காரர் முதலில் கேட்பவை அவையே.