விடியற்காலையில் கார் முரண்டு பிடிக்கிறதா?

மணி 5. வெளியே இன்னும் இருட்டு. செம்பனை மட்டைகளிலிருந்து பனி சொட்டிக் கொண்டிருக்கிறது. பிரட்டுக்குப் போக வேண்டும். பிள்ளையைப் பள்ளியில் விட வேண்டும். சாவியைத் திருகினால் கார் இருமுகிறது, குலுங்குகிறது, அணைந்து விடுகிறது. பழைய கார் வைத்திருக்கும் தோட்டத்துக் குடும்பங்களுக்கு இது புதிய கதை அல்லவே!

எங்கள் வீட்டிலும் 2019-ஆம் ஆண்டில் இந்தக் கதை நடந்தது. அம்மாவுக்குச் சிறுநீரகக் கோளாறு. வாரத்தில் 3 நாள் பட்டணத்தில் இரத்தச் சுத்திகரிப்பு. காலை 6.30-க்கு அங்கே இருக்க வேண்டும். நாம் தாமதித்தால் அம்மாவின் சிகிச்சை நேரம்தான் குறையும். அடுத்தவர் காத்திருப்பார் அல்லவா?

காரோ நான்காவது, ஐந்தாவது முறைதான் பிடிக்கும். 10 நிமிடம் ஓடிவிட்டால் ஒன்றும் நடக்காததுபோல் சீராகிவிடும். பட்டறைக்குக் கொண்டு போனேன். பேட்டரியை மாற்றினார்கள். சரியாகவில்லை. இரண்டு வாரம் கழித்துப் பெட்ரோல் பம்பை மாற்றினார்கள். அப்போதும் சரியாகவில்லை. செலவு 600 வெள்ளியைத் தாண்டிவிட்டது.

எங்கள் தோட்டத்தில் ஓய்வு பெற்ற லாரி ஓட்டுநர் ஒருவர் இருந்தார். எல்லாருக்கும் அவர் மாமா. அவரிடம் சொன்னேன்.

"மத்தியானம் எடுக்கும்போதும் இப்படித்தானா, தம்பி?"

"இல்லை மாமா. காலையில் மட்டும்தான். இரவில் மழை பெய்திருந்தால் இன்னும் மோசம்."

"சாவியைத் திருகினால் எஞ்சின் வேகமாகச் சுற்றுகிறதா?"

"சுற்றுகிறது மாமா. பிடிக்கத்தான் மாட்டேன் என்கிறது."

"அப்படியானால் பேட்டரிமேல் ஏன் பழி போட்டீர்கள்? ராத்திரி வருகிறேன். விளக்கெல்லாம் அணைத்து வை."

வந்தார். எஞ்சினை ஓடவிட்டு, இருட்டில் பானெட்டைத் திறக்கச் சொன்னார். பிளக் வயர்களின்மேல் நீல நிறத்தில் சிறு சிறு பொறிகள் ஊர்ந்து கொண்டிருந்தன! வயர்களின் தோல் வெடித்திருந்தது. பனி ஈரம் பட்டதும் மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் வழியிலேயே கசிந்தது. எஞ்சின் சூட்டில் ஈரம் காய்ந்ததும் கோளாறும் மறைந்தது. புது வயர்களும் பிளக்குகளும் சேர்த்து 100 வெள்ளிகூட ஆகவில்லை.

குளிர்ந்த எஞ்சினின் சங்கடம்

பெட்ரோல் ஆவியாகிக் காற்றோடு கலந்தால்தான் நன்றாக எரியும். சூடான எஞ்சினில் 1 பங்கு பெட்ரோலுக்கு ஏறக்குறைய 14.7 பங்கு காற்று, எடைக் கணக்கில், போதும். இரவெல்லாம் நின்ற எஞ்சினிலோ பெட்ரோலில் ஒரு பகுதி ஆவியாகாமல் உட்சுவரில் ஒட்டிக் கொள்ளும். ஈர விறகுக்குக் கூடுதலாக மண்ணெண்ணெய் ஊற்றுகிறோமே, அதுபோல் இதற்கும் தொடக்கத்தில் கூடுதல் பெட்ரோல் வேண்டும். 1985-இல் வந்த முதல் புரோட்டோன் சாகா போன்ற கார்புரேட்டர் கார்களில் 'சோக்' காற்றைக் குறைத்து இதைச் செய்கிறது. பிந்திய கார்களில் ஒரு வெப்ப உணர்கருவி சொல்ல, கணினி அளவைக் கூட்டுகிறது.

இப்படித் தடுமாறும் வேளையில் பொறியோ, பெட்ரோலோ, காற்றோ சற்றுப் பிசகினாலும் எஞ்சின் குலுங்கும். கேமரன் மலையில் விடியற்காலை 15 டிகிரிக்கு இறங்கும்போது இது இன்னும் கூடும்.

காசு செலவாகாத சோதனைகள்

முதலில் காதைத் தீட்டுங்கள். எஞ்சின் மெதுவாக முனகிச் சுற்றினாலோ, 'டக் டக்' என்று மட்டும் ஒலித்தாலோ பேட்டரியைப் பாருங்கள். முனைகளில் வெள்ளை, பச்சைப் பொடி படிந்திருந்தால் துடைத்து இறுக்குங்கள். இரவெல்லாம் நின்ற நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும், 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது.

வேகமாகச் சுற்றியும் பிடிக்காவிட்டால் பிளக்கைக் கழற்றுங்கள். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். ஒவ்வொன்றாகக் கழற்றினால் வயர் இடம் மாறாது. முனை இளம் பழுப்பாக இருந்தால் நலம். உலர்ந்த கரி, பெட்ரோல் மிகுதி. எண்ணெய்ப் பிசுக்கு, உள்ளே எண்ணெய் எரிகிறது. பெட்ரோலில் நனைந்திருந்தால் பெரும்பாலும் பொறி வரவில்லை. வயர்களை எங்கள் மாமாபோல் இருட்டில் பாருங்கள். ஆனால் கையால் தொடாதீர்கள்!

அடுத்தது காற்று. ஏர் பில்டர் அடைத்திருக்கிறதா? ரப்பர் குழாய்கள் வெடித்து 'உஸ்' என்று சத்தம் வருகிறதா? சோக் இழுத்தால் அதன் தகடு அசைகிறதா?

கணினி வைத்த கார் என்றால் சாவியை ஓட்டத்துக்கு முந்திய நிலையில் 3 விநாடி வைத்து அணையுங்கள். இரண்டு முறை செய்து, பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். உடனே பிடித்தால், இரவில் பெட்ரோல் அழுத்தம் இறங்கிவிடுகிறது என்று பொருள். பலன் இல்லாவிட்டால் வெப்ப உணர்கருவியைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

கடைசியில் புகையைப் பாருங்கள். கரும்புகை, பெட்ரோல் அதிகம். நீலப்புகை, எண்ணெய் எரிகிறது. காலையில் சிறிது வெண்புகை வெறும் நீராவிதான். ஆனால் அது நிற்காமல் வந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் உடனே பட்டறைக்குப் போங்கள்.

இவற்றைச் செய்யாதீர்கள்

சாவியைத் தொடர்ந்து 10 விநாடிக்கு மேல் திருகிப் பிடிக்காதீர்கள், ஸ்டார்ட்டர் கெடும். கார்புரேட்டர் வாயில் பெட்ரோலை ஊற்றாதீர்கள்; முகத்திலேயே தீப்பிடிக்கும். அடைத்த கொட்டகையில் எஞ்சினை ஓடவிடாதீர்கள். அந்தப் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, ஆளைக் கொன்றுவிடும்.

பட்டறைக்குப் போகும்போது "கார் சரியில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது, மழைநாளில் கூடுகிறதா, என்ன புகை என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். நம் வியர்வைக் காசு. கேட்பதில் வெட்கம் என்ன?

வயர் மாற்றிய மறுநாள் காலை கார் முதல் திருகிலேயே பிடித்தது. பின் இருக்கையில் அம்மா, "அட, இன்றைக்குச் சண்டை போடவில்லையே!" என்றார். அதன்பிறகு காரால் ஒரு நாளும் அம்மாவின் சிகிச்சை தாமதமானதில்லை.