ஒரே காற்று, இரண்டு காலங்கள்: காலியில் ஒரு யாழ்ப்பாணக் குடும்பம்

யாழ்ப்பாணத்தில் சோளகம் என்றால் வெயில், புழுதி, வற்றும் கிணறு. வேலை காரணமாகக் காலியில் குடியேறிய பின்னர், அதே காற்று இங்கே மழையைக் கொட்டுவதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். எங்கள் வீட்டின் ஆண்டுக் கணக்கையே அது மாற்றிவிட்டது.

காரணம் எளியது. மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று இந்து சமுத்திரத்தின் ஈரத்தைச் சுமந்து வருகிறது. தென்மேற்குக் கரையிலும் மலைச் சரிவுகளிலும் அந்த ஈரம் மழையாகிறது. மலைநாட்டுக்கு அப்பாலுள்ள கிழக்கிலும், காற்றை மேலெழுப்ப மலைகளே இல்லாத யாழ்ப்பாணத்திலும் அது வறண்ட காற்றாகவே வீசுகிறது. அங்கே பெருமழை ஒக்டோபருக்குப் பிறகுதான்.

இந்த வேறுபாடு சிறிய விடயமல்ல. 2017 மே மாதத்தில் தென்மேற்கில் வெள்ளமும் மண்சரிவும் 200 இற்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டன. அதே ஆண்டில் வடக்கு மக்கள் வறட்சியால் குடிநீருக்கு அலைந்தார்கள்.

எங்கள் வீட்டில் மே மாதம் என்றால் கூரைக்குள் கட்டிய கொடி, காயாத பாடசாலைச் சீருடை, பூஞ்சணம் பிடித்த சப்பாத்து. வெசாக்கும் அப்போதுதான் வருகிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து மகள் ஒட்டும் வெசாக் கூடுகளுக்கு மேலே பொலித்தீன் சுற்ற வேண்டும். தொலைபேசியில் மழைச் சத்தத்தைக் கேட்டால் அம்மா சொல்வார்: "அதில கொஞ்சத்தை இஞ்சாலையும் அனுப்பு பிள்ளை."

இதே மாதங்களில் தெற்குக் கடல் கொந்தளிக்கும். கோட்டை மதிலில் நின்றால் உப்புத்தூவல் முகத்தில் அடிக்கும். சிறு படகுகள் கரையேறிவிடும். தென்னிலங்கை மீனவர்களில் ஒரு பகுதியினர் கடல் அமைதியாக இருக்கும் கிழக்கு, வடகிழக்குக் கரைகளுக்குத் தொழில் தேடிப் போவார்கள். முல்லைத்தீவு மீனவருக்கு இப்படி வெளியிலிருந்து வருபவர்கள் தமது கடலில் பங்கு கேட்பவர்கள். அவர்களது முறைப்பாடு நியாயமானது. எங்கள் ஒழுங்கையிலோ அது, தகப்பன் இல்லாமல் பிள்ளைகள் கழிக்கும் நான்கு மாதங்கள். இரண்டையும் தெரிந்துகொள்ளாமல் இந்தப் பிரச்சினையைப் பேசிப் பயனில்லை.

ஓகஸ்ட் விடுமுறையில் நாங்கள் நல்லூர்த் திருவிழாவுக்குப் போவோம். டிசெம்பரில் யாழ்ப்பாணம் நனையும்போது இங்கே கடல் அடங்கியிருக்கும். அப்போது அம்மா எங்களிடம் வருவார்.

டிசெம்பர் 26 அன்று காலை 9.25 இற்கு நாடு முழுவதும் இரண்டு நிமிட மௌனம். 2004 இல் காலி பஸ் நிலையத்தையும் கிரிக்கெட் மைதானத்தையும் மூழ்கடித்த அதே சுனாமிதான் வடமராட்சிக் கரையையும் அடித்தது. அம்மாவுக்குச் சிங்களம் தெரியாது. பக்கத்து வீட்டு ஆச்சிக்குத் தமிழ் தெரியாது. அந்த இரண்டு நிமிடமும் இருவரும் எங்கள் படலையடியில் சேர்ந்து நிற்பார்கள்.

மாரி எப்போது என்று மகளைக் கேட்டால் மே என்பாள். அம்மம்மாவைக் கேட்டால் கார்த்திகை என்பார். இந்தச் சிறிய தீவில் இரண்டு பதிலும் சரி.