உஷார்! பழைய சுளுக்கோடு ஷேக் சாயித் சாலையில் இறங்காதீர்கள்

நவம்பர் நெருங்கினால் துபாயில் ஒரே கேள்வி: "ரன்னுக்குப் பேர் கொடுத்தாச்சா?" 2019-இல் தொடங்கிய துபாய் ரன்னுக்காக ஷேக் சாயித் சாலையில் வண்டிகளை நிறுத்திவிட்டு, ஞாயிறு விடியலில் 5, 10 கிலோமீட்டர் ஓட விடுகிறார்கள். 2023-இல் இரண்டு லட்சம் பேருக்கு மேல் இறங்கினார்கள். கராமாவிலிருந்தும் ஷார்ஜாவிலிருந்தும் ரூம் ரூமாகக் கிளம்பும் நம் பிள்ளைகளைப் பார்க்கச் சந்தோஷம்தான். "எப்பவோ கால் பிசகுனது, இப்ப சரியாயிடுச்சு" என்று கிளம்புகிறவர்களை நினைத்தால்தான் பதறுகிறது.

சரியாகிவிட்டது என்று யார் சொன்னது? மணல் கிரவுண்டில் கிரிக்கெட் ஆடும்போது பாதம் மடங்கியிருக்கும். கோடாலித் தைலம் தேய்த்து, துணி சுற்றி, மறுநாளே டூட்டிக்குப் போயிருப்பீர்கள். வீக்கம் வடிந்துவிட்டது. ஆனால் கணுக்காலின் வெளிப்பக்கத் தசைநார் இழுபட்டுத் தொளதொளத்தே கிடக்கலாம். பாதம் எந்த வாட்டத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சேதி சொல்லும் நரம்பு நுனிகள் அந்த நாருக்குள்ளும் இருக்கின்றன. அவையும் அடிபட்டால் சேதி பிசகும்.

அந்தக் காலோடு ஓடினால் என்ன ஆகும்? தரையைத் தொடுமுன்பே உள்ளங்கால் லேசாக உள்பக்கம் திரும்பிவிடுகிறது. வெளிவிளிம்பு முதலில் இறங்குகிறது. ஓட்டத்தில் ஒவ்வோர் அடிக்கும் உடல் எடையைப் போல இரண்டு, மூன்று மடங்கு பாரம் விழும். அது கட்டைவிரல் பக்கம் நகர்ந்து போகாமல் வெளிவிளிம்பிலேயே தங்கிவிடுகிறது. பாதம் சாய்வதைப் பிடித்து நிறுத்த வேண்டியது கெண்டைக்காலின் வெளிப்புறத் தசை. அதுவோ தாமதமாக விழிக்கிறது. மடங்குவதற்குக் கண்ணிமைக்கும் நேரம் போதும். கணுக்கால் கைவிட்ட வேலையை முட்டியும் இடுப்பும் சுமக்கின்றன. பத்து கிலோமீட்டரில் ஒரு காலுக்கு ஏறக்குறைய ஐயாயிரம் அடிகள்!

கோடை முழுக்க ஏசி ஜிம்மின் டிரெட்மில்லில் ஓடிய தைரியத்தை நம்பாதீர்கள். அது வழவழப்பான நேர்பாதை. சாலையில் கூட்டம் மறைக்கும். மிதிபட்ட தண்ணீர் பாட்டில் காலடியில் உருளும்.

இன்றே ஒன்று செய்யுங்கள். சுவர் ஓரமாக நின்று, ஒற்றைக் காலில் கண்ணை மூடிப் பாருங்கள். நல்ல காலைவிடப் பழுதான கால் சட்டென்று ஆடுகிறதா? அடிபட்டு ஒரு வருஷம் தாண்டியும் நடக்கையில் அவ்வப்போது கால் நழுவுகிறதா? பிசியோதெரபிஸ்டிடம் போங்கள், இன்சூரன்ஸ் கார்டில் அது உண்டா என்று முதலில் கேளுங்கள். சமநிலைப் பயிற்சிக்கும் தசையை வலுப்படுத்தவும் சில வாரங்கள் பிடிக்கும். கயிறு கட்டும் கணுக்கால் பட்டை மறுபடி மடங்குவதைக் குறைக்கும். புதிதாக மடங்கி நாலு அடி வைக்க முடியாவிட்டால், அல்லது எலும்பைத் தொட்டால் வலித்தால், தைலத்தைத் தேடாமல் எக்ஸ்ரே எடுங்கள்.

திரும்பத் திரும்ப மடங்கும் மூட்டு பின்னாளில் தேய்ந்துபோகலாம். சாரத்தில் ஏறி வேலை செய்கிறவருக்கு அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். ஒரு நழுவல் போதும். பேர் கொடுத்துவிட்டோமே என்று பார்க்காதீர்கள். இந்த வருஷம் அந்த 5 கிலோமீட்டரை நடந்தே முடியுங்கள்.