அம்பர் மணியும் அதன் மணமும்

லே, காங்டாக், டார்ஜிலிங் முதலிய மலை நகரங்களில் பணி நிமித்தம் தங்கியுள்ள நம்மவர் பலர், விடுமுறைக்கு ஊர் திரும்புமுன் கடைத்தெருவில் தேன் நிறத்து மணிமாலை ஒன்றைக் கையிலெடுத்து விலை கேளாதிருப்பதில்லை. "அசல் அம்பர்; முகர்ந்து பாருங்கள்" என்று வியாபாரியும் மாலையை மூக்கருகே நீட்டுவார். கமகமவென்று மணக்கும். மணக்கிறதே என்று நாமும் நம்பிவிடுகிறோம். உண்மையில், சும்மா இருக்கும்போதே அவ்வாறு மணப்பதுதான் நமக்கு ஐயத்தை எழுப்ப வேண்டும்.

அம்பர் கல்லன்று, தொல்காலத்து மரங்களினின்று வடிந்த பிசின், மண்ணுள் புதைந்து கோடிக்கணக்கான ஆண்டுகள் இறுகி உருவான பொருள். பால்டிக் கடற்கரை அம்பருக்கு வயது ஏறத்தாழ நாலரைக் கோடி ஆண்டுகள். பர்மாவின் ஹூக்கவுங் பள்ளத்தாக்கில் கிடைப்பது அதனினும் மூத்தது. ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகள். நம் நாட்டிலும் சூரத் மாவட்டத்து வஸ்தான் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் 5 கோடி ஆண்டு வயதுடைய அம்பர் கிடைத்ததையும், அதனுள் பூச்சியினங்கள் பல அழியாதிருந்ததையும் 2010இல் அறிவியலார் வெளியிட்டனர். அந்த அம்பரை ஈன்ற மரங்கள், சால மரமும் வெள்ளைக் குங்கிலிய மரமும் சேர்ந்த குடும்பத்தைச் சார்ந்தவை.

இத்துணைக் காலம் புதைந்து கிடந்த பிசினில் எளிதில் ஆவியாகும் மணப்பொருள்கள் பெரும்பாலும் அகன்றுவிடுகின்றன. எஞ்சிய மணம் உள்ளே சிறைப்பட்டிருக்கிறது. வெப்பம் பட்டால்தான் வெளிவரும். திபெத்தியர் அம்பரைத் 'தூபப் பளிங்கு' என்னும் பொருள்பட அழைப்பது எவ்வளவு பொருத்தம்!

பெயர் மயக்கம் ஒன்றையும் இங்கே தீர்த்துக்கொள்வோம். அத்தர்க் கடைகளில் 'அம்பர்' என்று விற்கப்படும் இனிய வாசனை, பலவகைப் பிசின்களும் வனிலா போன்ற பொருள்களும் கூட்டிச் செய்த கலவை. திமிங்கிலத்தின் குடலில் தோன்றும் அம்பரோ முற்றிலும் வேறு. அதை வாங்குவதும் விற்பதும் நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மணிமாலையில் அத்தர் மணம் வீசினால், யாரோ அத்தர் தடவியிருக்கிறார்கள் என்பதற்கு மேல் அதனால் விளங்குவது ஒன்றுமில்லை.

ஆகவே முதலில் மாலையை ஈரத் துணியால் துடைத்து உலர விடுதல் வேண்டும். பின்னர் ஒரு மணியை உள்ளங்கையிலோ கம்பளித் துணியிலோ வைத்து, சூடு உறைக்கும் வரை ஒரு நிமிடம் விரைந்து தேய்த்து, உடனே முகர்ந்து பார்க்க வேண்டும். அசலாயின் பைன் மரப் பிசினை நினைவூட்டும் மெல்லிய மணம் தோன்றி மறையும். குங்கிலியம் வைத்திருந்த பழைய டப்பாவைத் திறந்தவர்களுக்கு இம்மணம் புதிதன்று. கர்ப்பூர வாடை எழுந்தால் அது செல்லுலாயிட். மருத்துவமனையை நினைவூட்டும் கார்பாலிக் நெடி வந்தால் பேக்கலைட். ஒன்றுமே மணக்கவில்லையெனில் முடிவு சொல்ல இயலாது. புதுவகைப் பிளாஸ்டிக்குகள் பல மணப்பதில்லை, நன்கு மெருகேற்றிய அசல் அம்பரும் சில வேளை மணப்பதில்லை.

தேய்த்த மணி காகிதத் துணுக்கை இழுக்கிறதே என்று சிலர் காட்டுவர். உருதுவிலும் பாரசீகத்திலும் அம்பருக்கு வழங்கும் 'கஹ்ருபா' என்ற பெயருக்கே வைக்கோலைக் கவர்வது என்றுதான் பொருள். ஆயினும் தலை வாரிய பிளாஸ்டிக் சீப்பும் காகிதத்தை இழுக்குமாதலால் இச்சோதனையால் பயனில்லை.

பழுக்கக் காய்ச்சிய ஊசியால் குத்திப் புகையை முகரும் வழக்கமும் உண்டு. அசல் அம்பரில் தூபப் புகை போன்ற மணம் எழும். பால்டிக் வகையாயின் சற்றே காரமாகத் தொண்டையை உறுத்தும். பாற்புரதத்தால் செய்த போலியில் பால் தீய்ந்த வாடை வரும். எனினும் இம்முறையை நாம் பரிந்துரைக்க மாட்டோம். செல்லுலாயிட் குப்பென்று தீப்பற்றக்கூடியது. அன்றியும், ஊசி பட்ட வடு மாறாது. பர்மாவிலிருந்து 1942இலும் 1960களிலும் திரும்பிய நம் குடும்பங்களில் பாட்டி காலத்து மணி ஒன்று பெட்டிக்குள் இருக்குமாயின், அதை ஊசியால் குத்திப் பார்ப்பது போன்ற அநியாயம் வேறில்லை.

இனி, மூக்கை முற்றிலும் ஏமாற்றக்கூடிய பொருளுக்கு வருவோம். அதன் பெயர் கோபால் பிசின். கிருஷ்ணனுக்கும் இதற்கும் தொடர்பில்லை. மெக்சிகோ நாட்டுப் பழங்குடிச் சொல் அது! இதுவும் மரப்பிசினே, ஆனால் முற்றாத இளம் பிசின். ஆப்பிரிக்கக் கரையோரத்து ஜான்ஜிபாரிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் பம்பாய்க்கு ஏராளமாக வந்து, இங்கிருந்து மேனாடுகளுக்குச் சென்றமையால் 'பம்பாய்க் கோபால்' என்றே பெயர் பெற்றது. நம் மேற்கு மலைத்தொடரின் வெள்ளைக் குங்கிலியத்துக்கும் வணிகர் 'இந்தியக் கோபால்' என்று பெயரிட்டனர். இளம் பிசினாதலால் கோபால் அசல் அம்பரைவிடத் தாராளமாகவே மணக்கும்! மணத்தை மட்டும் நம்புகிறவர் அம்பரை விட்டுக் கோபாலைத் தேர்ந்தெடுப்பார். மலை நகரங்களில் 'திபெத்திய அம்பர்' என்று விற்கப்படும் பெரிய மணிகளில் கோபாலும் செயற்கைப் பிசினும் மிகுதி.

இதனைப் பிரித்தறிய, நகப்பூச்சை நீக்கும் அசிட்டோன் திரவம் ஒரு துளி போதும். மணியின் துளைக்கருகே, கண்ணில் படாத இடத்தில் வைத்துச் சில விநாடிகளில் விரலால் தொட்டால் கோபால் பிசுபிசுக்கும். அம்பர் அவ்வாறு இளகாது. துளியை உடனே துடைத்துவிட வேண்டும்.

வீட்டில் செய்யத்தக்க எளிய சோதனை இன்னொன்று. 200 மில்லிலிட்டர் தண்ணீரில் 60 கிராம் உப்பை நன்றாகக் கரைத்து, கோக்காத தனி மணியை இட்டால் அம்பர் மிதக்கும். பேக்கலைட்டும் செல்லுலாயிடும் பாற்புரதப் போலியும் மூழ்கும். கோபாலும் பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கும் மிதக்குமாதலால், மிதந்ததைக் கொண்டு மகிழ்ந்துவிடாமல் தேய்த்து முகர்ந்தும், அசிட்டோன் வைத்தும் பார்க்க வேண்டும். சோதித்த மணியை நல்ல தண்ணீரில் அலசி வைப்பது அவசியம். கடையிலேயே சோதிப்பதாயின், வியாபாரி தாமே எடுத்துத் தரும் மாதிரி மணியைச் சோதிப்பதில் பொருளில்லை. நாம் வாங்க எண்ணும் மாலையைத்தான் கேட்டு வாங்கித் தேய்த்துப் பார்க்க வேண்டும்.

இத்தனை சோதனைகளையும் தாண்டிவிடும் பொருள் ஒன்று உண்டு. அசல் அம்பரின் துண்டுகளையும் தூளையும் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் ஒட்டிச் செய்யும் 'அழுத்திய அம்பர்' அது. பொருள் அம்பரே, விலைதான் குறைவாயிருக்க வேண்டும். திருமணத்துக்கென்று பெருந்தொகை கொடுத்து வாங்குவோர், ஜெய்ப்பூர், மும்பை போன்ற நகரங்களிலுள்ள இரத்தினப் பரிசோதனை நிலையத்தில் அகச்சிவப்புக் கதிர்ச் சோதனை செய்து சான்று பெறலாம். பட்டியலில் வெறுமனே 'மணிமாலை' என்று எழுதாமல் 'இயற்கை அம்பர்' என்றே எழுதித் தரும்படியும், சோதனையில் வேறாகத் தெரியவந்தால் பணத்தைத் திருப்பித் தருவதாகக் குறிக்கும்படியும் முன்னரே கேட்டுக்கொள்ளலாம்.