விளம்பரப் பலகை: கையெழுத்துப் போடுமுன் சில சொற்கள்

தீபாவளி நெருங்கினால் நம்மவர்களின் துணிக்கடை, நகைக்கடைகளுக்கு விளம்பர முகவர்கள் வரத் தொடங்கிவிடுவார்கள். அவர்கள் நீட்டும் விலைப்பட்டியலில் உள்ள சொற்கள் பலருக்கும் பிடிபடுவதில்லை. கேட்கக் கூச்சப்பட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம்.

ஒற்றைத் தூணில் உயர்ந்து நிற்பது ‘யூனிபோல்’. சாலைக்குக் குறுக்கே நிற்பது ‘கேன்ட்ரி’. விளக்குக் கம்பத்தில் தொங்கும் நீளப் பதாகை ‘பந்திங்’. இவற்றில் பெரிய குழப்பம் இல்லை.

கவனிக்க வேண்டியது ‘ஃபேஸ்’, அதாவது பலகையின் முகம். யூனிபோலுக்குப் பெரும்பாலும் இரண்டு முகங்கள். ஒவ்வொன்றுக்கும் தனி வாடகை. கூட்டரசு நெடுஞ்சாலையில் காலையில் கோலாலம்பூர் போகிறவர் பார்ப்பது ஒரு முகம், மாலையில் கிள்ளானுக்குத் திரும்புகிறவர் பார்ப்பது மற்றொன்று. கிள்ளானில் கடை வைத்திருப்பவருக்கு வீடு திரும்புகிறவர் பார்க்கும் முகமே நல்லது என்பேன்.

எல்இடி திரை என்றால் ‘ஸ்லாட்’, ‘லூப்’ என்ற இரண்டு சொற்கள் வரும். ஸ்லாட் என்பது உங்கள் விளம்பரம் ஓடும் நேரம். லூப் என்பது எல்லா விளம்பரங்களும் ஒரு சுற்று வந்து முடியும் நேரம். 10 பேர், ஆளுக்கு 10 விநாடி என்றால் ஒரு சுற்று 100 விநாடி. மணிக்கு 36 முறைதான் உங்கள் முறை வரும். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் 200 மீட்டரை 8 விநாடியில் கடந்துவிடும். அந்த ஓட்டுநர் கண்ணில் படுவது ஒன்றோ இரண்டோ விளம்பரம்தான். அது உங்களுடையதாக இருக்க வேண்டுமே! அதே திரை சமிக்ஞை விளக்கருகே இருந்தால் கதை வேறு. ஆகவே, “லூப்பில் எத்தனை பேர்?” என்று கேளுங்கள்.

‘இம்ப்ரெஷன்’ என்று பெரிய எண்ணைக் காட்டுவார்கள். அது அவ்வழியே போனவர்களை வைத்துப் போட்ட மதிப்பீடு. நின்று படித்தவர்களின் கணக்கல்ல.

மாத வாடகையில் அச்சடிப்பு, பொருத்தும் கூலி, வரி அடங்குமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

பலகையில் தமிழ் போடலாமா? போடலாம். ஆனால் தேசிய மொழி இருக்க வேண்டும், அதற்கே முதன்மையும் தர வேண்டும். மலாய் வாசகத்தை டேவான் பஹாசா டான் புஸ்தாகா சரிபார்க்கும். உரிமம் தருவது அந்தந்த ஊராட்சி மன்றம். இவை கைக்கு வருமுன் அச்சுக்குக் கொடுத்துவிட்டு, எழுத்தளவு சரியில்லை என்று மீண்டும் அச்சடித்தால் அந்தச் செலவு யாருடையது? ஒப்பந்தத்தில் அதற்கும் ஒரு வரி கேட்டு வாங்குங்கள்.