ஈரானின் ஆஷ்: கறி கொஞ்சம், பருப்பு நிறைய

கறி உருண்டை போட்ட சூப் என்றதும் நம் கவனமெல்லாம் உருண்டையின் மேலேயே போகும். எத்தனை உருண்டை, எந்த மசாலா, எவ்வளவு மிருது என்றுதான் கேட்போம். ஈரானியர்களின் ஆஷைச் செய்து பார்க்க விரும்புகிறவர்கள் முதலில் விட வேண்டியது இந்தப் பழக்கத்தைத்தான். ஆஷ் என்பது பருப்பு, அரிசி அல்லது நூடுல்ஸ், கைகொள்ளாத கீரை, வெங்காயம் எல்லாம் சேர்ந்து குழைந்து வரும் கெட்டியான சூப். கறி சேராத ஆஷ்களும் நிறைய உண்டு. ஈரானில் காலை உணவாகவும் சாப்பிடும் அதஸி வெறும் மசூர் சூப்தான். உருண்டை போடுகிற ஆஷிலும் 6 பேருக்கான பானைக்கு 250 கிராம் கொத்துக்கறி போதும், அதாவது ஆளுக்கு 40 கிராம் சொச்சம். வயிறு நிறைவதும் ருசி நிற்பதும் பருப்பிலும் வெங்காயத்திலும் புளிப்பிலும்தான். நம் உழைப்பையும் நேரத்தையும் அங்கேதான் கொடுக்க வேண்டும்.

பருப்பிலிருந்து தொடங்கலாம். தோல் நீக்கி உடைத்த சிவப்பு மைசூர் பருப்பு இதற்கு ஆகாது. கால் மணி நேரத்தில் கரைந்து கூழாகிவிடும். தோலோடு இருக்கும் பழுப்பு நிற முழு மசூர்தான் வேண்டும். மேற்கு ஆசியாவில் ஏறத்தாழ 10,000 ஆண்டுகளாக விளையும் பயிர் இது. அந்த மண்ணின் சமையல் இதைச் சுற்றி வளர்ந்ததில் வியப்பில்லை. 200 கிராம் மசூரோடு 50 கிராம் பச்சரிசியைச் சேர்த்து இரண்டு லிட்டர் தண்ணீரில் வேகவிட்டால், அரிசி கரைந்து சூப்பைக் கெட்டியாக்கும், மசூர் முழுசாக நிற்கும். ஊறவைக்கத் தேவையில்லை, அரை மணி நேரத்தில் முக்கால் பதம் வந்துவிடும். இந்தக் கட்டத்தில் புளிப்பு எதுவும் பானைக்குள் போகக் கூடாது. பருப்பின் செல் சுவர்களைப் பிணைத்திருக்கும் பெக்டின் புளிப்பு இருந்தால் எளிதில் இளகாது. எவ்வளவு நேரம் கொதித்தாலும் பருப்பு விறைத்தே கிடக்கும். துவரம்பருப்பு வெந்த பிறகே புளியைக் கரைத்து ஊற்றும் நம் வீட்டுப் பழக்கத்துக்கும் இதே காரணம்தான்.

அடுத்தது வெங்காயம். மூன்று பெரிய வெங்காயத்தை மெலிதாக நறுக்கி, மிதமான தீயில் அரை மணி நேரம் வதக்க வேண்டும். கண்ணாடிப் பதத்தில் நிறுத்திவிட்டால் சூப் சப்பென்று இருக்கும். ஓரங்கள் கருகாமல் முழுக்க செம்பழுப்பாகி, எண்ணெய் தனியே பிரிந்து நிற்கும்போது மஞ்சள்தூளைப் போட்டு இறக்க வேண்டும். பாதி வெங்காயம் பானைக்குள் போகும், மீதி பரிமாறும்போது மேலே தூவ. கறியிலிருந்து வரும் என்று நாம் எதிர்பார்க்கும் ஆழமான ருசியில் பெரும்பகுதி இந்த வெங்காயத்திலிருந்துதான் வருகிறது. மல்லித்தழை, புதினா, பார்ஸ்லி, பசலை எல்லாம் கட்டுக்கட்டாகப் போக வேண்டும். நாம் கடைசியில் கிள்ளிப் போடும் அளவு இங்கே எதற்கும் காணாது; ஆஷில் தழைதான் காய்கறி. ஈரானியர்கள் சேர்க்கும் தரே என்ற தழைக்குப் பதிலாக வெங்காயத்தாள் போடலாம்.

கறியே இரண்டாம் பட்சம் என்றால் உருண்டை எதற்கு, விட்டுவிடலாமே என்று கேட்கலாம். விட்டாலும் நல்ல சூப்தான் கிடைக்கும். ஆனால் கொஞ்சக் கறியைப் பலருக்குப் பங்கு வைக்க உருண்டையைவிட நல்ல வழி இல்லை. துண்டுக்கறி போட்டால் ஒருவர் கிண்ணத்தில் நான்கு விழும், இன்னொருவருக்கு ஒன்றுகூட வராது. முற்றிய கறியும் கொத்தினால் மிருதுவாகும்; அதன் சாறு பருப்பில் இறங்கும். முட்டையோ ரொட்டித்தூளோ வேண்டாம். ஒரு வெங்காயத்தைத் துருவி ஒட்டப் பிழிந்து, உப்பு, மிளகுத்தூள், ஒரு சிட்டிகை பட்டைத்தூளோடு கறியில் சேர்த்து ஐந்து நிமிடம் அழுத்திப் பிசைய வேண்டும். உப்பு கறியின் புரதத்தை இளக்கி வெளியே இழுக்கும். முதலில் உதிரியாக இருந்த கறி மெல்ல விரல்களில் ஒட்டி, கையை எடுத்தால் இழை இழையாக இழுபடும். அந்தப் பதம் வந்தால் உருண்டை உடையாது. அரைநெல்லிக்காய் அளவில் உருட்டி, தழையும் பாதி வெங்காயமும் சேர்ந்த சூப்பில் பச்சையாகவே போட வேண்டும். பானை தளதளவென்று கொதிக்காமல் மெல்ல குமிழிட்டால் போதும். 20 நிமிடத்தில் வெந்துவிடும்.

பருப்பும் உருண்டையும் வெந்த பிறகே புளிப்பு. மாதுளை ஆஷ் ஈரானில் குளிர்கால உணவு. அதற்குப் பெரும்பாலும் மஞ்சள் பட்டாணிப் பருப்பு போடுவார்கள் என்றாலும் மசூரிலும் நன்றாகவே வரும். ஒரு லிட்டர் மாதுளைச் சாற்றைக் கால் லிட்டராகச் சுண்டக் காய்ச்சினால் அதற்கான குழம்பு தயார். கால் கப் ஊற்றி, பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, ருசி பார்த்துக் கூட்டிக்கொள்ளலாம். இங்கேதான் பலர் தயங்குவார்கள்: மாதுளைக் குழம்பும் காய்ந்த எலுமிச்சையும் இல்லாமல் செய்தால் அது ஈரானியச் சமையலாகுமா? ஈரானிலேயே புளிப்பு ஊருக்கு ஊர் மாறுகிறது. பிஞ்சுத் திராட்சைச் சாறு, தயிர், எலுமிச்சை எல்லாம் ஆஷில் உண்டு. பாரசீக வளைகுடாக் கரையின் காலியே மாஹி என்னும் மீன் குழம்புக்குப் புளிதான் புளிப்பு. ஆகவே கெட்டியாகக் கரைத்த புளியில் சிறிது வெல்லம் சேர்த்து ஊற்றுவதில் தவறில்லை. புளிப்பு எது என்பதைவிட, அது எப்போது சேர்கிறது என்பதே முக்கியம்.

அப்படியானால் இது கறி போட்ட சாம்பார்தானே என்ற கேள்வியும் நியாயமானதே. பருப்பும் புளிப்பும் இரண்டுக்கும் பொது. அதற்கு மேல் வழி பிரிகிறது. ஆஷில் மிளகாய்க் காரம் இல்லை, வறுத்து அரைத்த பொடி இல்லை. கடுகு கறிவேப்பிலைத் தாளிப்பின் இடத்தில் புதினா நிற்கிறது. மூன்று கரண்டி எண்ணெயைச் சூடாக்கி, அடுப்பை அணைத்து, பிறகே ஒரு மேசைக்கரண்டி காய்ந்த புதினாவை நொறுக்கிப் போட வேண்டும். எண்ணெய் கரும்பச்சையாக மாறிய உடனே சூப்பின் மேல் ஊற்றிவிட வேண்டும். அடுப்பு எரியும்போது போட்டால் சில நொடிகளில் கருகிக் கசக்கும். கார மசாலா சேர்த்தால் சாப்பிடத் தடையில்லை, ஆனால் தழையின் மணமும் மாதுளையின் துவர்ப்பும் அதில் அமுங்கிப் போகும்.

குக்கரில் வைத்தால் சீக்கிரம் முடியுமே என்பவர்களுக்கு: பருப்புக்கு ஒரு விசில் விடலாம், அதற்கு மேல் விட்டால் மசூர் உடைந்துவிடும். உருண்டை போட்ட பிறகு மூடி வேண்டவே வேண்டாம். ஆஷ் ஆறினால் கெட்டிப்படும். மறுநாள் கொதிநீர் ஊற்றி இளக்கி, உப்பும் புளிப்பும் சரிபார்த்து, புதினாவை மட்டும் புதிதாகத் தாளித்துக்கொள்ளலாம்.